நாற்பதுக்கு மேல் வரும் சத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
10.02.2025

திரு. எபனேசர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி எலினா எழுதுவது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்டின் அண்ணன் வீட்டுக்கு நான் வந்து இன்றோடு பதினைந்து நாள் ஆகிறது. இந்தப் பதினைந்து நாளும் போனில் பேசிப் பார்த்துவிட்டேன். நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள். "எப்பத்தான் மனசு விட்டுப் பேசுவீங்க" என்று கேட்டேன். "சாப்பிட்டேன், சாப்பிட்டேன்" என்றீர்கள். நேற்று அழுதுகொண்டே பேசினேன். "சரி சரி, பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இனிமேல் போன் வேண்டாம். எழுதுங்கள். பள்ளிக்கூட ஆபீசில் பதினாறு வருடம் ஃபைல் பார்த்தவள் நான். கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்ததை யாரும் மழுப்ப முடியாது.

நடந்ததை மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அது அப்பா விட்டுப்போன கார். 84-ஆம் வருட பத்மினி. ஆர்.சி. என் பேரில் இருக்கிறது. ஓட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் நீங்கள். வண்டி நாற்பதைத் தாண்டினால் பின்னால் கிறீச்சென்று ஓர் இரைச்சல் வருகிறது என்று பொங்கலுக்கு முன்னாலிருந்தே சொல்லி வந்தேன். ஜனவரி 26-ஆம் தேதி அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அண்ணன் மகள் ஆஷிகாவையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை சொன்னேன். நீங்கள் ரோட்டைப் பார்த்தபடி, "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்றீர்கள். வன்னியம்பட்டிப் பக்கம் வரும்போது இடது பின்சக்கரம் ஆக்சிலோடு ஒரு சாண் வெளியே வந்துவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரப் பள்ளத்தில் நின்றது. ஆஷிகாவுக்கு நெற்றியில் புடைத்துவிட்டது. எதிரே ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நான் கேட்பது ஒரே கேள்வி. நான் சொன்னதை ஏன் காதில் போட்டுக்கொள்ளவில்லை? இதற்கு உண்மையான பதில் வந்தால்தான் நான் இராஜபாளையம் வருவேன்.

இப்படிக்கு,
எலினா

—

இராஜபாளையம்
14.02.2025

அன்புள்ள எலினாவுக்கு,

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். "திரு" போட்டிருந்தாய். மில்லில் மெமோ கொடுக்கும்போதுதான் எனக்குத் திரு போடுவார்கள். கவரைப் பிரித்ததும் எத்தனை நாள் சஸ்பென்ஷன் என்றுதான் முதலில் தேடினேன்.

கடிதம் எழுதச் சொன்னது நல்ல யோசனை. போனைவிட இது எனக்கு ரொம்பச் சௌகரியம், நிஜமாகவே சொல்கிறேன்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து நம் வீட்டு முன்னால் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தியிருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் அதோடுதான் பொழுது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். பின்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் ஓர் இரும்புத் தண்டின் முனையில் இருக்கிறது. அதுதான் ஆக்சில். அந்தத் தண்டைப் பிடித்து நிறுத்துவது ஒரு பேரிங். பேரிங் நகராமல் தண்டைக் கவ்வி நிற்பது காலர் என்கிற இரும்பு வளையம். நம் வண்டியில் பேரிங் தேய்ந்து குண்டெல்லாம் சிதறி, சூட்டில் காலரும் பிடியை விட்டு, தண்டு தன்பாட்டுக்கு வெளியே நடந்து வந்திருக்கிறது. வலது பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். அது வருவேனா என்றது. பிரேக் ட்ரம்மைத் திருப்பி மாட்டி, அதையே பிடியாக வைத்து இழுத்து இழுத்து அடித்தேன். ஆறாவது இழுப்பில் ஆக்சில் கையோடு வந்தது. நானும் அதோடு போய்ப் பூந்தொட்டி மேல் உட்கார்ந்தேன். தொட்டி உடைந்துவிட்டது. செம்பருத்தி பிழைத்துக்கொண்டது.

லேத் பட்டறை வேலுசாமியிடம் புதுப் பேரிங் இரண்டு சொல்லியிருக்கிறேன். மதுரையிலிருந்து வர வேண்டும். ஆஷிகாவுக்குப் புடைப்பு வற்றிவிட்டதா? அந்தப் பிள்ளை முகத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு வேலை முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
எபனேசர்

—

ஸ்ரீவில்லிபுத்தூர்
18.02.2025

எபனேசர் அவர்களுக்கு,

"திரு"வை எடுத்துவிட்டேன், போதுமா?

பேரிங்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என் கேள்விக்கு ஒரே வரி. அதுவும் வாய்தா. கோர்ட்டில்கூட இவ்வளவு லேசாக வாய்தா கிடைக்காது.

ஆஷிகா நன்றாக இருக்கிறாள். மாமா மேல் கோபமே இல்லை என்கிறாள். கோபமெல்லாம் எனக்குத்தான். ஆஸ்டின் அண்ணன் மதுரையில் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறார். பழைய கார் வாங்குகிறவராம், இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. மார்ச் கடைசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா காரை விற்க எனக்கு ஆசையா என்ன? ஆனால் என் சொல்லுக்கு மதிப்பில்லாத வண்டியில் நான் எப்படி ஏறுவேன்?

எதிர்வீட்டு மாரிசெல்வி போன் செய்தாள். நம் வீட்டு அடுப்படியிலிருந்து புகை வந்ததாம். அவள் ஓடி வந்து பார்த்தால் பருப்புக் குக்கர் அடியோடு தீய்ந்து கிடக்க, நீங்கள் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்களாம். மூன்று விசில் வந்தால் அடுப்பை அணைக்க வேண்டும் என்று இருபது வருடத்தில் தெரியாமலா போயிற்று? எல்லாவற்றிலும் இந்த அலட்சியம்தான்.

காருக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கியை நம்ப வேண்டாம். மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

எலினா

—

இராஜபாளையம்
03.03.2025

அன்புள்ள எலினாவுக்கு,

வேலை முடிந்தது!

மரக்கட்டை வைத்துத்தான் படுத்தேன். நீ சொன்னதைக் கேட்டேன் என்று கணக்கில் எழுதிக்கொள்.

பேரிங் வந்ததும் மில் வழக்கப்படி செய்தேன். எங்கள் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்டில் எந்தப் பேரிங் வந்தாலும் முதலில் டீசலில் முக்கி, சுற்றிச் சுற்றிக் கழுவி, பஞ்சுத் தூசி ஒரு பொட்டு இல்லாமல் துடைத்த பொறகுதான் மாட்டுவோம். அதே மாதிரி இரண்டையும் கழுவி, பேண்டேஜ் துணியில் பொதிந்து வைத்தேன். பேண்டேஜ் துணி நெய்கிற நம் ஊரில் அதற்கா பஞ்சம்? ஆக்சிலில் முதலில் மூடு தகட்டைக் கோக்க வேண்டும், பிறகுதான் பேரிங், கடைசியில் காலர். தகட்டை மறந்துவிட்டுக் காலரை இறக்கினால் எல்லாவற்றையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் மறக்கவில்லை.

காலரைச் சூடாக்கித்தான் இறக்க முடியும். சூட்டில் விரிந்து உள்ளே போகும், ஆறியதும் ஆக்சிலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு கனமான இரும்புக் கல் தேவைப்பட்டது. உன்னிடம் மறைப்பானேன், உன் தோசைக்கல்லைத்தான் எடுத்தேன். கேஸை முழுசாகத் திறந்து வைத்தேன். காலர் முதலில் வைக்கோல் நிறத்துக்கு வந்து, பிறகு நீலம் தட்டியது. உன் சட்டி பிடிக்கிற இடுக்கியால் தூக்கி ஆக்சிலில் விட்டேன். சொத்தென்று போய் உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. தோசைக்கல்லை மூன்று தடவை தேய்த்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். நீ வந்ததும் முதல் தோசை எனக்கு, சோதனைக்கு.

நேற்றுத் தென்காசி ரோட்டில் ஐம்பது வரை ஓட்டிப் பார்த்தேன். குண்டூசி விழுந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. வெள்ளிக்கிழமை உன் பள்ளிக்கூட வாசலுக்கே கொண்டு வருகிறேன். நாலரை மணிக்கு நிற்பேன். நீ ஏறினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

உன்,
எபனேசர்

—

ஸ்ரீவில்லிபுத்தூர்
08.03.2025

எபனேசர் அவர்களுக்கு,

நேற்று நான் பள்ளிக்கூட வாசலில்தான் நின்றேன். நாலேகாலுக்கே வந்து நின்றேன். ஊதாச் சேலை கட்டியிருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கார் தெருமுனை திரும்புவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. அதே இரைச்சல். முன்னைவிட மோசம். என் பக்கத்தில் நின்ற சந்தனமேரி டீச்சர், "எக்கா, உங்க வீட்டுக்காரர் மாவு மில்லையா ஓட்டிக்கிட்டு வாராரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று எழுதிவிட்டு, அந்தச் சத்தத்தோடு, சிரித்த முகமாக வந்து இறங்குகிறீர்கள். என்னைக் கேலி செய்கிறீர்களா, அல்லது இவளை எதைச் சொல்லியும் ஏமாற்றலாம் என்ற நினைப்பா?

நான் உள்ளே போய்விட்டேன். ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் நின்றீர்கள். பேண்டேஜ் துணியை வைத்து பானட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்திருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன், அதனால்தான் வரவில்லை.

லெந்து நோன்பு நாளில் பொய் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அண்ணனிடம் மதுரைக்காரருக்குச் சரி சொல்லச் சொல்லப் போகிறேன். இங்கேயே எனக்கு ஒரு வாடகை வீடு பார்க்கவும் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுக்கிறேன். பேரிங்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். கேள்விக்குப் பதில் மட்டும்.

எலினா

—

இராஜபாளையம்
12.03.2025

எலினா,

உன் கடிதம் வந்த அன்றே வேலுசாமியைக் கூப்பிட்டு ஆக்சிலை வெளியே எடுத்துக் காட்டினேன். அவன் பேரிங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏலே, இதைக் கழுவினியா" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டான். இது இரண்டு பக்கமும் மூடி வருகிற பேரிங். ஆயுசுக்கும் தேவையான கிரீஸை உள்ளே வைத்துத்தான் மூடி அனுப்புகிறார்களாம். நான் டீசலை விட்டு அம்புட்டையும் கரைத்து வெளியே எடுத்துவிட்டேன். அது வறண்டு கத்தியிருக்கிறது. பேரிங்கைப் பற்றி எழுதாதே என்றாய், ஆனால் இதைச் சொல்லாமல் உன் கேள்விக்கு வர முடியவில்லை. வண்டி கத்தியது உண்மை. நான் பொய் எழுதவில்லை என்பதும் உண்மை. எனக்கு அது கேட்கவில்லை.

எனக்குக் காது கேட்கவில்லை, எலினா.

முழுச் செவிடு இல்லை. கனமான குரல், ஹார்ன், மேளம் எல்லாம் கேட்கும். கீச்சென்று உச்சத்தில் வருகிற சத்தம் மட்டும், எவ்வளவு பலமாக இருந்தாலும், கேட்காது. குக்கர் விசில் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. நீ இருக்கும்போது நீ அணைத்துவிடுவாய். இருபத்துநாலு வருடம் ரிங் ஃபிரேம் இரைச்சலுக்கு நடுவே நின்றிருக்கிறேன். காதில் வைக்க அடைப்பான் கொடுத்தார்கள். அரிக்கிறது என்று பையில் போட்டுக்கொண்டு அலைந்தது நான்தான். வருடா வருடம் காது டெஸ்ட் வைப்பார்கள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே இருப்பவர் சுவிட்சைப் போடும்போது அவர் தோள் லேசாக அசையும். அதைப் பார்த்து அமுக்கிப் பாஸாகிவிட்டேன். பிட்டர் வேலை போய், மில் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயம்.

மில்லுக்குள் யாரும் பேச்சைக் கேட்பதில்லை, வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். அந்தப் பழக்கம் வீட்டில் கைகொடுத்தது. நீ பேசியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் உன் வாய் தெரியாது. காரில் ரோட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு நீ மூன்று தடவை சொன்னாய் என்பதே உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். ஏதோ பேசுகிறாய் என்று மட்டும் தெரிந்தது. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கிறாயாக்கும் என்று நினைத்து, நல்லாத்தானே ஓடுது என்றேன்.

ஆனால் அதற்கு முன்னால், பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அடுப்படியில் என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாய். அது எனக்குப் புரிந்தது. மறுநாள் காரை எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடம் வந்து "ஒரு சத்தமும் இல்லை" என்று சொன்னேன். கேட்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஒரு பிட்டருக்கு இது தெரியாதா? சொன்னால் நான் பாதி ஆள் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. ஆஷிகாவின் நெற்றிப் புடைப்பும் அந்தக் கணக்கில்தான் வரும்.

கோயிலில் நீ கொயரில் பாடுவதும் இப்போது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் மூன்றாவது வரிசைக்கு இடம் மாறினேன். உன் வாய் தெரிந்தால் எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துவிடுவேன். பிறகு பழைய ஞாபகத்தில் உன் குரலை நானே போட்டுக்கொள்வேன்.

காரை விற்பதானால் விற்றுவிடு. உன் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

எபனேசர்

—

ஸ்ரீவில்லிபுத்தூர்
17.03.2025

அத்தானுக்கு,

ஆபீசில் வைத்துப் பிரித்தது தப்பாகிவிட்டது. சந்தனமேரி டீச்சர் என்ன ஏது என்று பதறி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஊரில் யாரும் சாகவில்லை என்று அவருக்குப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

எனக்கு உங்கள் மேல் கோபம் போகவில்லை. கோபம் வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. இரண்டு வருடம்! ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் மறைத்திருக்கிறீர்கள். நான் ஒருத்தி எதற்கு இருக்கிறேன்? உங்களுக்குக் காது கேட்காவிட்டால் நான் உங்களைப் பாதி ஆள் என்று நினைப்பேனா? என்னைப் பற்றி நீங்கள் அப்படி நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் மேலும் கோபம் வருகிறது. போனில் நான் அழுதது உங்களுக்குக் கேட்கவே இல்லை என்பது தெரியாமல், கல்நெஞ்சக்காரர் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். இன்று அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி, "பாவம், தம்பி எம்புட்டுப் பாரத்தைத் தனியா சுமந்திருக்கு" என்றார். அண்ணனிடம் மதுரைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு வருத்தம். பேரில்தான் ஆஸ்டின் என்று கார் இருக்கிறதே தவிர, கார்மேல் அவருக்குத் துளியும் பாசமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பீர்கள். கல்யாணமாகி இருபது வருடம் ஆகியும் இப்படிப் பார்க்கிற மனுஷன் யாருக்குக் கிடைப்பார் என்று எல்லாரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். அதெல்லாம் காது கேட்காததால்தானா? பொய் சொல்லாமல் எழுதுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். நினைத்துக்கொள்வேன், ஆனாலும் எழுதுங்கள்.

புதுப் பேரிங் வாங்கிப் போடுங்கள். கழுவ வேண்டாம். தோசைக்கல்லை இந்தத் தடவையும் எடுத்துக்கொள்ளலாம். அது இனி அதற்குத்தான். வீட்டுக்கு வேறு கல் வாங்கிக்கொள்கிறேன்.

எலினா

—

இராஜபாளையம்
26.03.2025

அன்புள்ள எலினாவுக்கு,

"அத்தானுக்கு" என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, மீதிக் கடிதத்தை மறுநாள்தான் படித்தேன். ஒரே நாளில் இரண்டையும் தாங்கியிருக்க மாட்டேன்.

கேட்டதற்குப் பதில். கல்யாணமான முதல் வருடம் என் காது பாம்புக்காது. பக்கத்துத் தெருவில் யார் வீட்டு சைக்கிள் போகிறது என்று சொல்லிவிடுவேன். அப்போதும் நீ பேசும்போது உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ "என்ன முறைக்கீங்க" என்று கேட்டிருக்கிறாய். யோசித்துப் பார், ஞாபகம் வரும்.

மில் டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். திட்டினார். பிறகு மதுரையில் காது டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார். மேனேஜரிடம் வேலையைப் பற்றிக் கேட்டேன். "இருபத்துநாலு வருஷ கையை எதுக்குக் கேட்டில் உட்கார வைக்கணும்" என்றார். இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன் என்றிருந்தது.

பழைய காலர்களை வெட்டி எடுத்து, புதுப் பேரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே இறக்கிவிட்டேன். துடைக்கக்கூட இல்லை. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். கையால் சுற்றினால் வழுவழு என்று போகிறது. வேலுசாமியோடு தென்காசி ரோட்டில் போய் வந்தேன். சத்தமே இல்லை என்றான். ஆனால் அவனும் பட்டறை வைக்குமுன் எங்கள் மில்லில் பன்னிரண்டு வருடம் இருந்தவன். அவன் காதை நம்பி உன்னைக் கூப்பிட மாட்டேன்.

சத்தம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இதை எழுதுவது இப்போது லேசாக இருக்கிறது. நீதான் வந்து கேட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை வண்டியை எடுக்கமாட்டேன்.

உன்,
எபனேசர்

—

ஸ்ரீவில்லிபுத்தூர்
31.03.2025

அன்புள்ள அத்தான்,

"என்ன முறைக்கீங்க" என்று கேட்டது ஞாபகம் வந்தது. ராத்திரி அண்ணி பார்க்காதபடி சிரித்தேன்.

வருகிற சனிக்கிழமை எனக்கு லீவு. காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். பெட்டியோடு வருகிறேன், ஆகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வாருங்கள். காரை எடுக்காதீர்கள். வீட்டில் காப்பி குடித்துவிட்டு நேரே மதுரைக்குக் கிளம்புகிறோம், காது டாக்டரிடம். உங்கள் மில் டாக்டரிடம் நம்பர் கேட்டு, நானே போன் செய்து பதினோரு மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். இரண்டு மணி நேர ஓட்டம். பேரிங்குக்கும் உங்களுக்கும் ஒரே நாளில் சோதனை.

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நீங்கள் ரோட்டைப் பார்க்க வேண்டும், என் வாயைப் பார்க்கக் கூடாது. கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. அதனால் முன்சீட்டில் உங்களை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறேன். என் கையை உங்கள் தோளில் வைத்துக்கொள்கிறேன். நாற்பதுக்கு மேல் சத்தம் வந்தால் ஒரு தட்டுத் தட்டுவேன், நிறுத்திவிடுங்கள்.

சத்தம் வராவிட்டாலும் கையை எடுக்க மாட்டேன்.

எலினா